கல் பன்னு

காலிக் குக்கரின் அடியில் கல்லுப்பைப் பரப்பி அடுப்பில் ஏற்றினால் கொஞ்ச நேரத்துக்கு ஒன்றுமே தெரியாது. அப்புறம் காய்ந்த அலுமினியமும் காய்ந்த உப்பும் கலந்து மெல்ல ஒரு வாசனை கிளம்பி மூக்கின் மேல்பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ரப்பரையும் விசிலையும் கழற்றிவிட்ட குக்கர் அது. சத்தம் போடாத குக்கரைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் இருப்புக் கொள்வதில்லை. விசில் வருகிற குக்கர் என்றால் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கலாம், விசில் வராத குக்கரின் முன்னால் மனுஷி என்னதான் செய்வது? மூடியைத் தொடக்கூடாது, திறக்கக்கூடாது, வெந்ததா இல்லையா என்று அதுவும் சொல்லாது, நாமும் கேட்க முடியாது. நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் மாசி மாதம் முழுக்க எங்கள் வீடு அப்படியொரு குக்கரின் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தது.

செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் எங்கள் வீடு. கீழே நாங்கள், மேலே ஒரே ஒரு அறை, அதை ஒட்டி மொட்டை மாடி. மாடியிலிருந்து மலை முழுசாகத் தெரியும் என்பதால் அந்த அறை காலியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. மலையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதற்காகவே கடல் தாண்டி ஆட்கள் வருகிறார்கள் என்பது எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஆச்சரியமான செய்தியே கிடையாது. அவர்கள் மலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், என் அம்மா அதே மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொடியில் துணி காயப்போடுவாள். இரண்டு தரப்புக்கும் நடுவில் எந்தச் சண்டையும் இல்லை.

அந்த வருடம் மாடியில் இருந்தவர் இங்கிலாந்துக்காரர், அறுபது வயதிருக்கும், ஒட்ட வெட்டிய நரைத்த தலை. கார்த்திகை தீபக் கூட்டம் கலைந்த பிறகு வந்து, வெயில் ஏறுவதற்குள் ஊருக்குப் போய்விடுவார். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. எங்கள் வாயில் அது நுழையாததால் "மாடியம்மா" ஆகிவிட்டார். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் பழகியிருந்தார்.

கீழே வந்து சேர்ந்தவள் சித்தி. பெயர் சுமதி, அம்மாவின் ஒரே தங்கை. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நெல்லும் வேர்க்கடலையும் விளைகிற நல்ல குடும்பம். பொங்கலுக்கு ஒரு பையோடு வந்தவள் பொங்கல் முடிந்தும் போகவில்லை. தை கழிந்தும் போகவில்லை. அதைப் பற்றி யாரும் பேசாமல் பார்த்துக்கொண்டார்கள், ஆனால் சித்தியின் கைகள் அதைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தன. பெருக்கிய இடத்தைத் திரும்பப் பெருக்குவாள். மடித்த துணியை உதறி மறுபடி மடிப்பாள். எனக்குப் பின்னிவிட்ட சடை சரியில்லை என்று அவிழ்த்து, இழுத்துப் பின்னி, அதுவும் சரியில்லை என்று அவிழ்ப்பாள். நான் பள்ளிக்கூடம் போகும்போது புருவம் இரண்டும் நெற்றியில் ஏறியிருக்கும்.

அம்மா ஒருநாள் அடக்க முடியாமல் கேட்டுவிட்டாள்: "அடிக்கிறாரா? குடிக்கிறாரா? அப்புறம் இன்னாத்துக்குடி வந்த?"

இந்தக் கேள்விக்குச் சித்தியிடம் சொல்லிக்கொள்கிற மாதிரி பதில் இல்லை என்பதுதான் அவளுடைய கஷ்டமே. சித்தப்பா ஏழுமலை குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், தன் அம்மாவின் எதிரில் வாயைத் திறக்கவும் மாட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் துணிக்கடையில் வேலைக்குப் போகிறேன் என்று சித்தி கேட்டதற்கு, எங்கள் வீட்டு மருமகள் கடையில் நின்றதில்லை என்று மாமியார் சொல்லிவிட்டார். சித்தப்பா பேசாமல் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். "ஒரு எடத்துல குந்த மாட்டாளா இவ" என்பதுதான் அந்த வீட்டில் சித்தியின் மேலிருந்த ஒரே புகார். உட்கார்ந்தே இருந்தால் மூச்சு முட்டுகிறது என்பது சித்தியின் ஒரே புகார். இதை வைத்துக்கொண்டு எந்தப் பெரியவரிடம் போய் நியாயம் கேட்பது?

அப்பா செங்கம் ரோட்டில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர், கை கழுவுகிற சாக்கில் முகத்தைக் காட்டாமலே சொன்னார்: "பௌர்ணமிக்குக் கிரிவலம் வர்றாங்களாம். அப்படியே சுமதியையும் கூட்டிட்டுப் போறோம்னு சொல்லி அனுப்பிச்சிருக்காங்க. கைல ஒரு வேலைனு இருந்தா, பொண்ணு வேலைக்குப் போவுது, கொஞ்ச நாள் இருக்கட்டும்னு நான் தைரியமா சொல்லலாம். சும்மா குந்தியிருக்குதுன்னா இன்னானு சொல்லி நிறுத்தறது?" அப்பா கெட்டவர் இல்லை. சொல்வதற்கு ஒரு வாக்கியம் கையில் இருந்தால் சொல்வார், இல்லாவிட்டால் சாப்பிட உட்கார்ந்துவிடுவார். அந்த வாக்கியத்தைப் பௌர்ணமிக்குள் அவர் கையில் கொடுத்தாக வேண்டும் என்று சித்திக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் என் சடை நாலு தடவை அவிழ்ந்தது.

மாடியம்மா காலையில் வழக்கமாகச் சாப்பிடும் கபே செங்கம் ரோட்டில், எங்கள் சந்திலிருந்து ஊர்ப்பக்கம் போகும் வழியில் இருந்தது. அதை நடத்தியவர் புதுச்சேரிக்காரர். அவருடைய சமையல்காரர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார், வருகிற வெள்ளைக்காரர்களோ ஸ்கோன் இருக்கிறதா, ஸ்கோன் இருக்கிறதா என்று பிடுங்கி எடுக்கிறார்கள். ஸ்கோன் என்றால் அவர்கள் ஊர்ப் பன். டீயோடு, பிட்டு நடுவில் ஜாம் தடவித் தின்பது. இதைக் கேட்டுக்கொண்டிருந்த மாடியம்மா, எங்கள் வீட்டுப் பெண் செய்வாள் என்று தைரியமாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். கபேக்காரரும், பௌர்ணமிக்குள் ஒரு தட்டு கொண்டுவந்து காட்டினால் வேலை தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். சித்தியின் நிலைமை மாடியம்மாவுக்கு எவ்வளவு தெரியும் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் மாடியிலிருந்து பார்த்தால் மலை மட்டுமா தெரியும்? ஒரே நாளில் இரண்டு தடவை பெருக்கப்படும் வாசலும் தெரியும்தானே.

ஸ்கோன் செய்வதற்கான மாவு மாடியம்மாவின் பெட்டியிலேயே இருந்தது. ஊரிலிருந்து வரும்போது அவர் கொண்டுவந்த தயார் மாவு, எங்களூர்க் கடையில் விற்கும் குலாப் ஜாமூன் மாவு மாதிரி. விமானத்தில் எடை கூடும் என்று வெளி அட்டையையெல்லாம் அங்கேயே எறிந்துவிட்டு, எழுத்தே இல்லாத வெள்ளைப் பைகளை மட்டும் எடுத்துவந்திருந்தார். ஒரு அட்டையின் முகப்புப் படத்தை மட்டும் கத்தரித்து வைத்திருந்தார். அப்படி மூன்று பைகளையும் அந்தப் படத்தையும் சித்தியிடம் கொடுத்து, என்னுடைய ஐந்தாம் வகுப்பு இங்கிலீஷின் வழியாகச் செய்முறையும் சொன்னார். பால் ஊற்று, கல, டம்ளரால் வட்டமாக வெட்டு, வேகவை. அவ்வளவுதான். அவ்வளவுதானா என்று சித்தி இரண்டு தடவை கேட்கச் சொன்னாள். அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு மேலே போனவர், மறுநாள் காலையில் "மௌனம்" என்று எழுதிய சின்ன அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு இறங்கி வந்தார்.

எங்கள் பகுதிக்கு இதெல்லாம் புதிதில்லை. காய்கறிக் கடையில் அந்த அட்டையைப் பார்த்தால் கடைக்காரர் விலையை விரலால் காட்டுவார், ஆட்டோக்காரர் பேரம் பேசாமல் ஏற்றிக்கொள்வார். பௌர்ணமி முடிகிற வரைக்கும் பேசுவதில்லை என்று மாடியம்மா விரதம். சிலர் மௌனத்திலும் சீட்டில் எழுதிக் காட்டுவார்கள். இவர் கணக்கில் எழுதுவதும் பேச்சுதான். அதனால் சந்தேகம் கேட்கிற வாசல் அன்றோடு அடைபட்டது.

இன்றைக்கு யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அந்த மாவை லேசாகச் சேர்த்தால் போதும், பிசையவே கூடாது, கை எவ்வளவு குறைவாகப் படுகிறதோ அவ்வளவு நல்லது என்று. எங்கள் வீட்டில் மாவு என்றால் பிசைவதற்குப் பிறந்த பொருள். சப்பாத்தி மாவு காது மடல் மாதிரி இருக்க வேண்டும் என்று அம்மா என் காதைப் பிடித்துக் காட்டியே சொல்லிக்கொடுப்பாள். பிசையாத மாவு சோம்பேறி வீட்டு மாவு. கல என்று மாடியம்மா சொன்னதைச் சித்தி, பாவம், வெள்ளைக்காரர்களுக்குப் பிசையத் தெரியாது என்றுதான் எடுத்துக்கொண்டாள்.

முதல் பையை அவள் பிசைந்த விதத்தை நான் மறக்க மாட்டேன். உள்ளங்கையால் தள்ளி, மடித்து, குத்தி, திரும்பத் தள்ளி, கண்ணாடி வளையல் இரண்டையும் முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டு, கீழ்பென்னாத்தூர் வீட்டில் சொல்லாமல் விட்டதையெல்லாம் அந்த மாவிடம் சொன்னாள். மோர் டம்ளரை வைக்க இறங்கிவந்த மாடியம்மா சமையலறை வாசலில் நின்றுவிட்டார். கண் விரிந்தது. உள்ளங்கையைக் கவிழ்த்து, காற்றை மெதுவாகக் கீழே அழுத்துவதுபோல அசைத்தார்.

"இன்னும் அமுக்கணும்ன்றாங்க" என்றாள் சித்தி. அமுக்கினாள். மாடியம்மா இரண்டு கையாலும் அசைத்தார். சித்தியும் இரண்டு கையாலும் அமுக்கினாள். மாடியம்மா தலையில் கை வைத்துக்கொண்டு படியேறிப் போனார்.

டம்ளரால் வெட்டி, எண்ணெய் தடவிய தட்டில் அடுக்கி, ஓவனுக்குப் பதிலாக உப்பு காய்ந்த குக்கருக்குள் வைத்து மூடினோம். வெந்து வந்தது பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒன்றை எடுத்து அப்பாவின் தட்டில் போட்டபோது எவர்சில்வர் கணீர் என்றது. அப்பா அதைக் கடித்துப் பார்த்து, எடுத்துத் திருப்பிப் பார்த்து, "ஸ்பேனர் எடுத்துட்டு வரட்டா?" என்றார். அன்றைக்கே அதற்குக் "கல் பன்னு" என்று பெயர் விழுந்துவிட்டது. டீயில் நன்றாக ஊறவைத்தால் தின்ன முடிந்தது. சித்தி மட்டும் ஒன்றைக் கையில் வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள்: "பிசைஞ்சது கம்மிக்கா. அதான் இறுகிடுச்சி."

அம்மாவும் ஆமாம் என்றாள். மாவை ஊறவும் வைக்கவில்லையே என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தாள். இரண்டாவது பையைக் கலந்து, முன்னைவிட ஜாஸ்தியாகப் பிசைந்து, பரோட்டா மாவுக்குச் செய்வதுபோல ஈரத்துணி போர்த்தி, காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் ஊற வைத்தார்கள். ஊறிய நேரத்திலும் சித்தியால் அதை விட்டுவிட முடியவில்லை. துணியை விலக்குவாள், விரலால் குத்திப் பார்ப்பாள், இன்னும் நாலு குத்து பிசைந்து மூடுவாள், வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்ப்பாள், திரும்ப வருவாள். குக்கரில் ஏற்றிய பிறகும் வெந்ததா என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்தாள். வெளியே கல், உள்ளே பச்சை மாவு. கபேக்காரருக்கு எடுத்துப்போக முடிகிற காரியமா அது? அம்மா அதைக் கொண்டுபோய்த் தெருமுனைப் பசுவுக்கு வைத்தாள். பசு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் சிரித்தேன், சித்தி அழுதாள். அழும்போதும் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டேதான் இருந்தாள்.

பௌர்ணமி வந்துவிட்டது. கிரிவலம் சாயங்காலம்தானே, மாமியாரும் சித்தப்பாவும் அதற்குத்தானே வருவார்கள், மத்தியானத்துக்குள் மூன்றாவது பையை முடித்துக் கபேவுக்குக் கொடுத்துவிடலாம் என்பது திட்டம். சித்தி மாவில் பாலை ஊற்றிக் கலக்கினாள், அவ்வளவுதான், வாசலில் செருப்புச் சத்தம். பஸ்ஸில் கூட்டம் ஏறிவிடும் என்று பயந்து ஊர்க்காரர்கள் வேனில் காலையிலேயே கிளம்பி வந்துவிட்டார்கள். சித்தி கையை அலசிக்கொண்டு போய், வாங்க அத்தை என்று கேட்டு, இருவருக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தாள். வந்ததும் இரண்டு கையையும் மாவில் விட்டாள்.

கூடத்தில் பேசுவது சமையலறையில் அப்படியே கேட்கும். "நாங்க இன்னா கொறை வெச்சோம், நீங்களே சொல்லுங்க" என்று மாமியார் அப்பாவிடம் ஆரம்பித்தார். சித்தியின் முஷ்டி மாவில் இறங்கியது. "சோறு இல்லையா, துணி இல்லையா?" இன்னொரு குத்து. "ஊர்ல நாலு பேரு எங்க மருமவ எங்கனு கேக்கறாங்க. இன்னைக்குக் கூட்டிட்டுப் போலாம்னுதான் வந்தோம்." அப்பாவின் குரலே கேட்கவில்லை. சொல்வதற்கு வாக்கியம் இன்னும் அவர் கைக்கு வரவில்லை, அது சித்தியின் கையில் பிசைபட்டுக்கொண்டிருந்தது. சித்தப்பா வழக்கம்போல இருந்தார். கடைசிப் பை இது, இதற்கு மேல் மாவு இல்லை, சித்தியோ கண்ணில் ஒன்றுமே தெரியாமல் தள்ளி, மடித்து, குத்திக்கொண்டிருந்தாள். நிறுத்து என்று சொல்லவும் தெரியவில்லை, ஏனென்றால் நிறுத்த வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

சாப்பிட்ட தட்டை வைக்க மாடியம்மா இறங்கி வந்தார். பார்த்தார். உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தார், சித்தி நிமிரவே இல்லை. தட்டைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். யாரையும் தொட்டுப் பேசும் பழக்கமே இல்லாதவர், சித்தியின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து மாவிலிருந்து வெளியே எடுத்தார்.

"போதும்" என்றார்.

பல நாள் திறக்காத தொண்டையிலிருந்து வந்த கரகரத்த குரல். பந்தியில் உட்கார்ந்தால் சோற்றைக் கொட்டிக்கொண்டே போகிற ஊர் இது என்பதால் இங்கே வருகிற வெளிநாட்டுக்காரர் எவரும் முதலில் கற்றுக்கொள்ளும் தமிழ் வார்த்தை அதுதான். சித்தி அவரைப் பார்த்தாள், அவருடைய சட்டையில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்தாள், திரும்ப அவரைப் பார்த்தாள். பிடித்த கையை அவர் விடவில்லை. "போதும்மா" என்றார் மறுபடியும்.

மாவை அவரே விரல் நுனியால் லேசாகத் தட்டிப் பரப்பி, டம்ளரால் வெட்டி, குக்கரில் வைத்து மூடினார். அப்புறம் ஒரு காரியம் செய்தார். பேசியது பேசியாயிற்று, இனி என்ன என்பதுபோல அடுப்பு மேடைக்கு முதுகைக் கொடுத்துத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டார், சித்தி மூடியைத் திறந்துவிடாமல் காவல். அவர் எத்தனையோ நாள் உட்கார்ந்து பழகிய உட்காருதல், அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்கு உபயோகப்பட்டது. சித்தி அவர் பக்கத்தில் மாவு ஒட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சித்தி அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

திறந்தபோது படத்தில் இருந்த உயரம் இல்லை. முதலில் பட்ட அடிக்குப் பாதிதான் எழும்பியிருந்தது. ஆனால் பிட்டால் பிட்டுக்கொண்டது. உள்ளே வெள்ளையாக, ஆவியோடு, பால் வாசனையோடு உதிர்ந்தது. மாடியம்மா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். சித்தி அதையெல்லாம் துணியில் சுற்றித் தூக்கில் அடுக்கினாள். ஓரத்து மாவைச் சேர்த்து உருட்டிய கோணல் ஒன்றை மட்டும் தட்டில் விட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, மாமியாரின் எதிரில் நின்று சொன்னாள்:

"அத்தை, நான் வேலைக்குப் போறேன். இத குடுத்துட்டு வந்துடறேன். நீங்க சாப்ட்டுட்டுத்தான் போகணும்."

இன்னும் கிடைக்காத வேலை அது. பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கிவிட்டாள், நான் பின்னாலேயே ஓடினேன். கிரிவலக் கூட்டம் அதற்குள் செங்கம் ரோட்டை நிறைத்திருந்தது. எல்லோரும் மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு ஒரே திசையில் நடக்க, நாங்கள் இரண்டு பேர் மட்டும் எதிர்த் திசையில் ஊர்ப்பக்கம் போனோம். பௌர்ணமி அன்று எதிரே வருகிறவளை யாருக்குப் பிடிக்கும்? "எதிர்ல வராத தாயி, ஓரமா போ" என்று ஒருவர் அதட்டினார், ஒரு அம்மாள் உச்சுக் கொட்டினார். சித்தி தூக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தோளால் வழி பண்ணிக்கொண்டு, வேகம் குறையாமல் நடந்தாள். எனக்குப் பயமாகவும் இருந்தது, இப்படியே எங்கேயாவது போய்க்கொண்டே இருக்கலாம் போல ஆசையாகவும் இருந்தது.

கபேக்காரர் ஒன்றைப் பிட்டுத் தின்றார். இன்னொன்றை ஜாமோடு மூலையில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவருக்குக் கொடுத்தார். அந்த மனிதர் தலையைத் தூக்காமல் தின்று முடித்துவிட்டுத் தட்டை நீட்டினார். "காலையில வந்துடுங்க" என்றார் கபேக்காரர். மாவு தீர்ந்துபோயிற்று என்பதைச் சித்தி சொல்லவில்லை. "சரிங்க" என்றாள். (அப்புறம் மைதாவும் வெண்ணெயும் சோடா உப்பும் வைத்துக்கொண்டு அந்த மாவை அவளே கண்டுபிடிப்பதற்குள் எங்கள் தெருப் பசுக்கள் பட்ட பாடு தனிக் கதை.)

வீட்டுக்குத் திரும்பியபோது மாமியார் போய்விட்டிருந்தார். வூட்டுக்கு வந்தவங்கள குந்த வெச்சிட்டுப் போனவள கூட்டிட்டுப் போய் நாங்க இன்னா பண்றது என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் கிரிவலத்துக்கு நடந்துவிட்டாராம். அம்மா அடுப்படியில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். சித்தப்பா மட்டும் வாசலில் வெறுங்காலோடு நின்றிருந்தார். கையில் அந்தக் கோணல் பன், பாதி தின்றது.

"இது இன்னா?" என்று கேட்டார்.

"பன்னு."

"நல்லாத்தான் இருக்குது." மீதியையும் வாயில் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தார். "அம்மா முன்னால போயிட்டாங்க. போய்ப் புடிக்கணும்."

"போங்க."

"அடுத்த பௌர்ணமிக்கு வரேன்."

சித்தி அவர் சட்டையில் சிந்தியிருந்த துகளைக் கையால் தட்டிவிட்டாள். அவர் கூட்டத்தோடு கலந்து போனார்.

சொன்னபடி வந்தார். அடுத்த பௌர்ணமிக்கும், அதற்கடுத்ததற்கும், நான் பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, இதே ஊரில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் வந்துகொண்டே இருந்தார். கபே சில வருடங்களில் மூடிவிட்டது. இன்று அந்த இடத்தில் மூன்று மாடி லாட்ஜ் நிற்கிறது. அதன் வாசலில் ஸ்கோன் என்று கேட்டால் ரூம் சாவியைத் தூக்கிக் காட்டுவார்கள். சித்தி அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு ஷெட் எடுத்து, ஓவன் வாங்கி, விடுதிகளுக்கும் கபேக்களுக்கும் செய்துகொடுக்க ஆரம்பித்தாள். பௌர்ணமி அன்று இரண்டு பன்னைத் தனியாகக் காகிதத்தில் மடித்து வைத்துவிடுவாள். சித்தப்பா மலையைச் சுற்றி வருகிற வழியில் ஷெட் பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றைத் தின்பார், மற்றதைத் தன் அம்மாவுக்கு என்று எடுத்துப் போவார். வயதாகிப் பல் போன அந்த அம்மாவும் அதை டீயில் நனைத்துத் தின்பாராம். இருவரும் சேர்ந்து வாழவில்லை, பிரிந்துவிட்டதாகவும் யாரும் சொல்லவில்லை. எங்கள் உறவுக்காரர்களுக்கு இதை எதில் சேர்ப்பது என்று கடைசிவரை தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, ஆனால் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் சித்தியின் கை சும்மா இருக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மாடியம்மா ஒரு வருடம் வரவில்லை, அதற்கப்புறம் வரவே இல்லை. மாடியறையில் அவர் விட்டுவைத்திருந்த தகரப் பெட்டி பரணில் இருக்கிறது. அந்தப் படமும், எழுத்தில்லாத வெள்ளைப் பைகளும் எப்போதோ போய்விட்டன. மாடியறையில் இப்போது இருப்பவர்கள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு மலைக்கு நேராகக் கம்ப்யூட்டரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். குக்கர் மட்டும் பருப்பு வேகவைத்துக்கொண்டு, விசில் அடித்துக்கொண்டு, அம்மாவிடம் இருக்கிறது.

போன ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்த சித்தப்பா எழுந்திருக்கவில்லை. சித்தி கீழ்பென்னாத்தூர் போய்விட்டு வந்தாள். அடுத்த பௌர்ணமிக்கு ஒத்தாசையாக இருக்கலாம் என்று நான் ஷெட்டுக்குப் போனேன். மைதாவில் வெண்ணெயை உதிர்த்து, பால் ஊற்றி, இத்தனை வருடமாகச் செய்வதுபோலச் சேர்த்தாள். சேர்த்தவள் நிறுத்தவில்லை. உள்ளங்கையால் தள்ளினாள், மடித்தாள், குத்தினாள். வெளியே ஜனம் நடந்துகொண்டே இருந்தது. இவள் வாசலைப் பார்க்காமல், என்னைப் பார்க்காமல், தள்ளி மடித்துக் குத்திக்கொண்டிருந்தாள்.

இந்த முறை எனக்குத் தெரியும். போய் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தேன். "போதும் சித்தி" என்றேன்.

"இன்னும் கொஞ்சம்டி" என்றாள்.

கையை விட்டுவிட்டேன். அன்றைக்குச் செய்தது அத்தனையும் கல் பன்னு. எந்த விடுதிக்கும் அனுப்பவில்லை. பழக்கத்தில் இரண்டைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள், அதைப் பிரித்து, பெஞ்சில் உட்கார்ந்து, ஆளுக்கொன்றாக டீயில் நனைத்தோம். ஊற வெகுநேரம் ஆயிற்று. அதுவரைக்கும் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.